வளவில் மிளகாய்ச் செடி: வளைத்துக் கட்டினால் எல்லாக் கிளையும் காய்க்கும்

காரைக்குடிப் பக்கம் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தொட்டி வைத்து மிளகாய் வளர்ப்பவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான். செடி நெடுநெடுவென்று போகிறது, உச்சியில் நாலு காய், கீழே வெறும் இலை. சுற்றிலும் கூரை இருப்பதால் வளவில் நேர் வெயில் சில மணி நேரம்தான் விழும். அதையும் உச்சிக் கிளையே வாங்கிக்கொள்கிறது. எல்லாக் கிளைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அத்தனைக்கும் வெயில் கிடைக்கும், அத்தனையும் பூக்கும். உரத்தைக் கூட்டிப் பயனில்லை.

நான் வைப்பது முண்டு மிளகாய். நம் பக்கத்து ராமநாதபுரத்துக்காரர்கள் அதற்கு 2023-இல் புவிசார் குறியீடு வாங்கினார்கள். கடையில் வாங்கிய வற்றலின் விதையே போதும். புரட்டாசியில் போட்டால் நல்லது. சித்திரை வெயிலில் பூ பிடிக்காமல் உதிர்ந்துவிடும்.

தொட்டி 12 அங்குல அகலம் இருக்கட்டும். செம்மண், மட்கிய சாணம், தேங்காய் நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. நட்ட பிறகு தொட்டியின் விளிம்பைச் சுற்றி எட்டு ஓட்டை போட்டுவிடுங்கள். கட்டுவதற்கு அவைதான் வேண்டும்.

முதலில் கிள்ளுதல். ஆறு முதல் எட்டு நல்ல இலை வந்ததும் நுனிக் கொழுந்தை மட்டும் நகத்தால் கிள்ளுங்கள். நுனியில் ஊறும் ஆக்சின் என்ற சுரப்பு கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும். நுனி போனதும் அவை விழித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் இலைக் கணுக்களில் அரிசி அளவுக்குப் பச்சைத் துளிர் தெரியும். அதைப் பார்க்கும் வரை வேறெதுவும் செய்யாதீர்கள்.

அந்தத் துளிர்கள் கிளையாக நீண்ட அப்புறம்தான் வளைத்தல். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள், நானும் பட்டேன். காலையில் தண்ணீர் ஊற்றிய கையோடு ஒரு கிளையை இழுத்தேன். சடக்கென்று கணுவில் பாதி பிளந்தது. தண்ணீர் குடித்த தண்டு விறைப்பாக இருக்கும், வளையாது. பக்கத்து வீட்டு ஆச்சி வந்து பார்த்தார்கள். பழைய வேட்டியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, பிளவைச் சேர்த்துச் சுற்றி முடிந்தார்கள். "இனி மண்ணு காஞ்ச பிறகு சாயங்காலமா செய்யப்பா" என்றார்கள். இரண்டு வாரத்தில் அந்த இடம் முட்டியைப் போலத் தடித்துவிட்டது. அந்தக் கிளைதான் இன்றைக்கும் நிறையக் காய்க்கிறது.

அதனால் மண்ணின் மேல்பகுதி காய்ந்து, இலை இலேசாகத் தளர்ந்திருக்கும் நேரத்தைப் பிடியுங்கள். ஒரு கையால் தண்டின் அடியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளையை மெதுவாக வெளிப்பக்கம் சாயுங்கள். ஒரே நாளில் படுக்க வைக்க வேண்டாம். முதல் நாள் கொஞ்சம், மூன்று நாள் கழித்து இன்னும் கொஞ்சம். கட்டுவதற்குப் பூக்கட்டும் வாழைநாரை நனைத்து எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி வேண்டவே வேண்டாம், தண்டு தடிக்கும்போது அறுத்துவிடும். கிளையைச் சுற்றும் முடிச்சு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும், மறு முனையை விளிம்பு ஓட்டையில் கட்டுங்கள்.

சாய்த்த மறுநாளே கிளை நுனி மேலே திரும்பிப் பார்க்கும். அதை அப்படியே விடுங்கள். எந்த நுனி மற்றவற்றைவிட உயர்கிறதோ அதை மட்டும் மறுபடி தாழ்த்துங்கள், குட்டையாக இருப்பதைத் தொடாதீர்கள். செடியின் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் பார்த்தால் எது மட்டம் மீறுகிறது என்று சட்டெனத் தெரியும். இரண்டு நாளைக்கு ஒரு முறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாக் கிளையும் வெயில் பக்கமே ஓடும்.

கவட்டையில் வரும் முதல் பூவை நான் எடுத்துவிடுவேன். மனசு வராதுதான், ஆனால் அந்தச் சத்து கிளைகளுக்குப் போகும். அடுத்து எல்லாக் கிளையிலும் மொட்டு தெரிந்ததும் கிள்ளுவதையும் வளைப்பதையும் நிறுத்திவிட வேண்டும்.

இலை சுருண்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் அடியுங்கள்.

காய் திரண்டதும் கிளை கனத்துத் தொங்கும். அப்போது நாரை அவிழ்த்துவிட்டு, மூங்கில் குச்சி ஊன்றி முட்டுக் கொடுங்கள்.