கேஜ் சரி, சத்தம் மட்டும் நிற்கவில்லை
பழைய நாலு சிலிண்டர் புஷ்ராடு (தள்ளுகோல் வழியே வால்வைத் திறக்கும்) எஞ்சினில் 'டக் டக்'. கிராங்க் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) 2 சுற்றுக்கு 1 தட்டு என்றால் பெரும்பாலும் வால்வு பக்கம்தான். ஐடிலில் ராக்கருக்கும் (வால்வை அமுக்கும் கை) வால்வு தண்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தேன். 3வது வால்வில் சத்தம் அடங்கியது. ஆனால் அங்கே இடைவெளி, கையேட்டில் உள்ளபடியே 0.30 மி.மீ.!

ராக்கரைக் கழற்றியதும் புரிந்தது: முனையில் தண்டு பதிந்த பள்ளம். தட்டையான கேஜ் பள்ளத்தின் மேல் பாலம்போல் நின்றுவிடும். உண்மை இடைவெளி அதைவிட அதிகம். அதற்காக இடைவெளித் திருகைக் குத்துமதிப்பாக இறுக்கக் கூடாது. எக்சாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். அதற்குக் கொஞ்சம் சத்தமே மேல்.

பள்ளம் ஆழம், கல்லில் தேய்த்தால் கடினமாக்கிய மேல்படலம் போய்விடும். ராக்கரையே மாற்றி, ஷாஃப்டின் எண்ணெய்த் துளைகளையும் குத்திச் சுத்தம் செய்தேன். இடைவெளி செட்டிங்குக்கு ஒன்பது கணக்கு (இரண்டு வால்வு எண்களும் கூட்டினால் 9): 6வது முழுக்கத் திறந்திருக்கும்போது 3வதைச் சரிசெய்யணும். லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி அளக்கணும், திருகு கூடவே நகரும்.