சவர்டோ ஸ்டார்ட்டரை காய வெச்சு வைக்கிறது, திரும்ப எழுப்புறது

சவர்டோ பிரெட்டை பொங்க வைக்க மாவும் தண்ணியும் கலந்து புளிக்க வெச்சு வளர்க்குற கலவைதான் ஸ்டார்ட்டர். ஒரு மாசம் ஊருக்கு போனா அதுக்கு யாரு மாவு போடுறது? ஃப்ரிட்ஜ்ல வெச்சாலும் வாரம் ஒரு தடவ கவனிக்கணும். பேசாம காய வெச்சிடுங்க, டப்பால வருஷக்கணக்கா கெடக்கும்.

மாவும் தண்ணியும் போட்டு நல்லா பொங்கி உச்சில இருக்குறப்பவே எடுத்துடணும், அமுங்கிப்போய் மேல தண்ணி நிக்குறத காய வெச்சா அப்புறம் எழுப்ப ரொம்ப நாளாகும். பட்டர் பேப்பர்ல கரண்டியால தேய்ங்க, அடில பேப்பர் தெரியுற அளவுக்கு மெல்லிசா. தடியா விட்டீங்கன்னா மேல காஞ்சிருக்கும், உள்ள ஈரம் நிக்கும், டப்பால போட்டதும் பூஞ்சை பூத்துடும். வடாம் போட்ட பழக்கத்துல மொட்டை மாடிக்கு தூக்கிட்டு ஓடாதீங்க, 40 டிகிரிய தாண்டுனா உள்ள இருக்குற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடி வாங்கும். ஃபேனுக்கு கீழ, மேல மெல்லிசு துணி, அவ்ளோதான். சென்னை மாதிரி புழுக்கமான ஊர்னா ஏசி ரூம் இன்னும் நல்லது, காத்துல ஈரம் கம்மி. ஒரு நாள்லயும் காயும், மழை நேரம்னா மூணு நாளும் இழுக்கும். நடுவுல ஒரு தடவ திருப்பிப் போடுங்க. பொரிக்காத அப்பளம் மாதிரி மடக்குனா பட்டுனு உடையணும், வளைஞ்சா இன்னும் காயல. கையாலயே நொறுக்கி காத்து புகாத டப்பால போட்டு தேதி எழுதிடுங்க.

அமெரிக்கால கார்ல் கிரிஃபித்னு ஒருத்தர், 1847ல தன் குடும்பம் ஓரிகன் பக்கம் கொண்டு வந்ததா சொன்ன ஸ்டார்ட்டரை இப்படித்தான் காய வெச்சு, ஸ்டாம்ப் ஒட்டுன கவர் அனுப்புறவங்களுக்கெல்லாம் சும்மாவே கொடுத்துட்டு இருந்தாரு. 2000ல அவர் இறந்ததுக்கப்புறமும் நண்பர்கள் அத நிறுத்தல.

எழுப்புறப்ப 10 கிராம் செதிலுக்கு 20 கிராம் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ரெண்டு மூணு மணி நேரம் ஊற விடுங்க, கரைஞ்சதும் 15 கிராம் மாவு, மைதாவோட கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்தா சீக்கிரம் முழிக்கும். குளோரின் வாடை அடிக்குற தண்ணி வேணாம். முதல் நாள் ஒன்னுமே நடக்காது, பயந்து கொட்டிடாதீங்க. மறுநாள்லேர்ந்து 20 கிராம் மட்டும் வெச்சுட்டு 20 மாவு 20 தண்ணி, குமிழி விட ஆரம்பிச்சதும் தினம் ரெண்டு வேளை. மூணு நாலு நாள்ல தெளிஞ்சிடும். ஆனா ஒரு தடவ பொங்குச்சுன்னு உடனே பிரெட் போடாதீங்க, நாலஞ்சு மணி நேரத்துல ரெண்டு மடங்கா ஏறுறத அடுத்தடுத்து ரெண்டு தடவ பாத்துட்டு போடுங்க. ரோஸ், ஆரஞ்சு கலர் தெரிஞ்சா யோசிக்காம குப்பைல போட்டுட்டு டப்பால மிச்சம் இருக்குறதுல திரும்ப ஆரம்பிங்க, அதுக்குத்தான் மொத்த செதிலையும் ஒரே நேரத்துல ஊற வைக்கக்கூடாதுங்கறது.