காப்பி அடிக்காமல் ப்ராஜெக்ட் எழுதுவது எப்படி?

ப்ராஜெக்டில் காப்பி அடித்து மாட்டிக்கொள்ளும் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஏமாற்றத்தான் நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. நாலைந்து இணையதளங்களைத் திறந்து, பிடித்த பத்தியையெல்லாம் ஒரே ஃபைலில் ஒட்டிவைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எது தன் வரி, எது அடுத்தவர் வரி என்றே தெரியாது. அதனால் கட்டுரை எழுதும் நாளைவிட, குறிப்பு எடுக்கும் நாளில்தான் உஷாராக இருக்க வேண்டும்.

புத்தகத்தைத் திறந்ததும் படிக்க ஆரம்பிக்காதீர்கள். முதலில் அதன் பெயர், எழுதியவர், வெளிவந்த ஆண்டு மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் பக்க எண். இணையப் பக்கம் என்றால் முகவரியும் நீங்கள் பார்த்த தேதியும். ஒரு வரியை அப்படியே எடுத்தால் அந்த நிமிடமே இரட்டை மேற்கோள் குறி போட்டுவிடுங்கள், "அப்புறம் போட்டுக்கலாம்" என்று விட்டால் போடவே மாட்டீர்கள். உங்களுக்குத் தோன்றுவதை வேறு நிறப் பேனாவில் எழுதுங்கள்.

அடுத்தது சொந்த நடை. இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். மூலத்தில் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: "தேனீக்கள் மலருக்கு மலர் செல்லும்போது மகரந்தத்தைச் சுமந்து சென்று தாவரங்களின் இனப்பெருக்கத்துக்கு உதவுகின்றன." இதை "தேனீக்கள் பூவுக்குப் பூ போகும்போது மகரந்தத்தை எடுத்துச் சென்று செடிகளின் இனப்பெருக்கத்துக்குத் துணைபுரிகின்றன" என்று மாற்றினால், அது சட்டையை மாற்றிப் போட்ட அதே ஆள்தான். பத்தியைப் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், தம்பிக்கோ தங்கைக்கோ விளக்குவதுபோல எழுதுங்கள்: "ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு பூவுக்குப் போனால்தான் பல செடிகளில் விதை உண்டாகும். தேன் தேடி வரும் தேனீயின் உடம்பில் அது ஒட்டிக்கொண்டு போகிறது." எழுதி முடித்தபின் புத்தகத்தைத் திறந்து, தகவல் சரியா என்று மட்டும் பாருங்கள். மூடி வைத்தால் ஒன்றுமே எழுத வரவில்லையா? இன்னும் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடி படியுங்கள்.

சொந்த நடையில் எழுதினாலும் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாவற்றுக்கும் வேண்டாம். மேரி கியூரி 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றார் என்பது எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் இருக்கும். ஆனால் அவரைப் பற்றி ஒரு எழுத்தாளர் சொன்ன கருத்தை எடுத்தால் அவர் பெயர் வர வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள், கூடுதலாகப் போட்டதற்கு யாரும் திட்டப்போவதில்லை.

படத்துக்கும் இதே கதைதான். "கூகுளில் கிடைத்தது" என்று எழுதாதீர்கள், கூகுள் தேடித்தான் கொடுத்தது, அந்தப் படம் இருந்த பக்கம் வேறு. விக்கிப்பீடியாவில் ஆரம்பிப்பதில் தப்பே இல்லை, பக்கத்தின் அடியில் இருக்கும் மேற்கோள்களைப் பிடித்து உள்ளே போங்கள். ஆனால் நீங்கள் திறந்தே பார்க்காத புத்தகத்தை ஆதாரப் பட்டியலில் சேர்ப்பதும் பொய்தான்.

சாட்ஜிபிடி மாதிரியானவற்றைப் பயன்படுத்தலாமா என்று முதலில் ஆசிரியரிடம் கேளுங்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதி வைத்திருப்பார்கள். அது எழுதித் தந்ததை உங்கள் பெயரில் கொடுப்பது காப்பிதான். இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லும் பழக்கமும் அதற்கு உண்டு, அதனால் அது சொல்லும் தலைப்பையெல்லாம் தேடிப் பாருங்கள்.

நண்பன் கேட்டால் ஃபைலை அனுப்பாதீர்கள், உட்கார்ந்து விளக்குங்கள். இருவர் கட்டுரையும் ஒரே மாதிரி இருந்தால் கொடுத்தவரும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நாளைக் காலை கொடுக்க வேண்டும், பாதிகூட முடியவில்லை என்றால்? ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வெட்டி ஒட்டும் ஆசை வரும். எழுதிய ஒன்றரைப் பக்கத்தோடு போய், "முடிக்கவில்லை, இன்னும் ஒரு நாள் கிடைக்குமா?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அந்த ஒன்றரைப் பக்கத்தையே கொடுத்துவிடுங்கள்.