பேச்சுப் போட்டிக்கு மார்ட்டின் லூதர் கிங்: பிள்ளையை எப்படித் தயார் செய்வது?

காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகும், போட்டிக் காலம் வந்தால் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கம்பன் கழகம் பிறந்த ஊர்ப்பக்கம். மேடைப் பேச்சு என்றால் பெற்றவர்களுக்கும் ஆசை. "டீச்சர், தலைப்பு மார்ட்டின் லூதர் கிங். அஞ்சு நிமிஷம். எழுதிக் குடுத்துட்டீங்கன்னா மனப்பாடம் பண்ணிருவா" என்பார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் இருந்தால் போதும், இப்படிச் செய்யுங்கள்.

முதல் நாள் நோட்டு வேண்டாம். பிறந்த தேதியும் வேண்டாம். ஒரு பேருந்துப் பயணத்தை மட்டும் சொல்லுங்கள். 1944 ஏப்ரல். பின்னாளில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய கிங்குக்கு அப்போது வயது 15. அட்லாண்டாவிலிருந்து அதே ஜார்ஜியா மாநிலத்து டப்ளின் என்ற ஊருக்குத் தன் ஆசிரியையோடு போகிறான். எதற்கு? பேச்சுப் போட்டிக்கு. கறுப்பின மக்களும் அரசியல் சாசனமும் என்று தலைப்பு. பேசிவிட்டு இரவில் திரும்பும்போது வழியில் வெள்ளைக்காரப் பயணிகள் ஏறுகிறார்கள். ஓட்டுநர் எழுந்திருக்கச் சொல்கிறார். பையன் எழவில்லை, ஓட்டுநர் வைகிறார். சட்டம் அதுதானப்பா என்று ஆசிரியை சொன்ன பிறகுதான் எழுகிறான். அட்லாண்டா வரைக்கும் 90 மைல் நின்றுகொண்டே வந்தார்கள். கிட்டத்தட்ட 145 கிலோமீட்டர். காரைக்குடியில் ஏறி ராமேஸ்வரம் வரை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் அவ்வளவு கோபம் தனக்கு வந்ததே இல்லை என்று கிங் பின்னாளில் சொன்னார்.

தானும் போட்டிக்குப் போகப் போகிற பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கதை கிடையாது. சொல்லி முடித்ததும் எதுவும் விளக்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் முக்கியம். நிறவெறி, இனஒதுக்கல் என்று பிள்ளைகள் நன்றாகவே எழுதுவார்கள். அது எப்படி நடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள். ஆகவே அமெரிக்காவின் மான்ட்கோமரி நகரத்து அந்தக் காலப் பேருந்தைத் தரையில் சாக்பீஸால் வரையச் சொல்லுங்கள். முன்பக்கம் பத்து இருக்கைகள் வெள்ளையருக்கு. காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தார் உட்காரக் கூடாது. அவர்கள் முன்வாசலில் ஏறிக் காசைக் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போய் ஏற வேண்டும். நடப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஓட்டுநர்களும் உண்டு.

வரைந்துகொண்டிருந்த ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை சாக்பீஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எங்க அப்பத்தாவும் பின்வாசல்ன்னுதான் டீச்சர் சொல்லும்."

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நீண்டு பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். அவளுடைய அப்பத்தா வயல் வேலை பார்த்த காலத்தில் நெல்லை அளந்து கொடுக்க வருவதும் கூலி வாங்குவதும் அந்தப் பின்கதவில்தான். முகப்பை மிதித்ததில்லை. நான் வளர்ந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதை நான் அவளிடம் மறைக்கவில்லை. "ஆமா ஆத்தா, எங்க வீட்டுலயும் அப்படித்தான் வச்சிருந்தாங்க. தப்பு" என்றேன்.

உங்கள் ஊரிலும் ஒரு பின்வாசல் இருந்திருக்கும். டீக்கடையில் தனிக் குவளையாக, கோயிலில் நிற்கும் இடமாக, கண்மாயில் தனித் துறையாக. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். கிங்கைப் பற்றி ஆயிரம் வரி படித்தாலும் வராத குரல் அதற்குப் பிறகு பிள்ளைக்கு வரும். இது வலிந்து சேர்க்கிற ஒப்பீடு என்று யாராவது சொன்னால், கிங்கே சொன்ன சம்பவத்தைச் சொல்லுங்கள். 1959இல் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனபோது தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினாராம். அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. பிறகு தன் நாட்டு மக்களை நினைத்துப் பார்த்து, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம். 1965இல் தன் தேவாலயத்துப் பிரசங்கத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் நாள் ரோசா பார்க்ஸ். இங்கே பிள்ளைகள் தவறாமல் ஒரு பிழை செய்வார்கள்: "களைத்துப்போன ஒரு மூதாட்டி" என்பார்கள். அவருக்கு அப்போது வயது 42. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் மான்ட்கோமரிக் கிளைச் செயலாளர். வெள்ளையர் இருக்கையிலும் அவர் உட்காரவில்லை. அதற்கு அடுத்த வரிசையில் இருந்தார். உடம்புக் களைப்பல்ல, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துச் சலித்துப் போயிருந்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரருக்கு எழுந்து இடம்விட மறுத்ததற்காக 1955 டிசம்பர் 1 அன்று கைது. டிசம்பர் 5இலிருந்து கறுப்பின மக்கள் பேருந்தில் ஏறவில்லை. 381 நாள்! இந்த எண்ணை மட்டும் பிள்ளை மறக்கக் கூடாது. வெள்ளைக்கார வீடுகளில் சமையல் செய்கிற பெண்கள் விடியற்காலையில் மைல்கணக்கில் நடந்தார்கள். கார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றிப்போனார்கள். பேருந்துப் பாகுபாடு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1956 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது. தலைமை தாங்கிய கிங், போராட்டம் தொடங்கியபோது 26 வயதுப் போதகர்.

நான்காம் நாள் பேச்சுப் பழக்கம். திண்ணையை இதற்குப் பயன்படுத்துங்கள். 1956 ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் மூன்று மாதம்கூட நிறையாத கைக்குழந்தையும் இருந்தார்கள், இருவருக்கும் காயமில்லை. கிங் ஓடி வந்தபோது வாசலில் கூட்டம் ஆயுதங்களோடு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் வீட்டின் முன்தாழ்வாரத்தில் நின்று, ஆயுதங்களைக் கொண்டுபோய் வையுங்கள், வீட்டுக்குப் போங்கள் என்றார். பிள்ளையைத் திண்ணையில் நிறுத்தி, மற்றவர்களைத் தெருவில் கூட்டமாக நிறுத்தி இதைப் பேசச் சொல்லுங்கள். கத்தினால் நிறுத்திவிடுங்கள். கோபமாக இருக்கிற கூட்டத்தைக் கத்தி அடக்க முடியாது என்பது அவர்களுக்கே புரிந்து, குரல் தானாகத் தணியும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேர் முன் 'எனக்கொரு கனவு' உரை. எல்லாப் பிள்ளைகளும் அதை அப்படியே ஒப்பிப்பதால் நடுவர்கள் காது புளித்திருக்கும். ஒரு வரி போதும். 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், அதே ஆண்டு 35 வயதில் நோபல் அமைதிப் பரிசு. 1965இல் வாக்குரிமைச் சட்டம். கடைசிப் பயணத்தை மட்டும் விடாதீர்கள். மெம்ஃபிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் இருவர் 1968 பிப்ரவரியில் குப்பை லாரி எந்திரத்தில் நசுங்கிச் செத்தார்கள். 'நான் மனிதன்' என்று அட்டை பிடித்து அவர்களுடைய தோழர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுக்குத் துணைநிற்கப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்டார். வயது 39.

நீக்ரோ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கறுப்பின மக்கள் என்று சொல்லப் பழக்குங்கள். 'அமெரிக்கக் காந்தி' என்று தொடங்க வேண்டாம். நான்காம் நிமிட மணி அடித்ததும் மெம்ஃபிஸுக்குப் போய்விட வேண்டும். இதைக் கைக்கடிகாரம் வைத்து மூன்று முறையாவது பழகுங்கள்.

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை போட்டியில் அப்பத்தாவின் பின்வாசலைச் சொன்னாள். கிங் தலைப்பில் ஊர்க்கதை எதற்கு என்று நடுவர் ஒருவர் கேட்டார். பரிசு கிடைக்கவில்லை. திரும்பும்போது பேருந்தில் அவளைச் சன்னலோரம் உட்காரவைத்தேன். குன்றக்குடி தாண்டும் வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், அடுத்த தடவை அப்பத்தா பேரையும் சேத்துச் சொல்லிடுறேன்" என்றாள்.