இங்க்ஸ்கேப்பில் ஒரு தக்காளி: தட்டை வட்டத்தை உருண்டையாக்குவது எப்படி

கணினியைத் திறக்கும் முன் ஒரு நிஜத் தக்காளியை ஜன்னலோரம் வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். வெளிச்சம் விழும் பக்கம் பளபளப்பு. அங்கிருந்து இறங்க இறங்க நிறம் கறுக்கும். இப்போது எதிர்ப்பக்க அடி விளிம்பை உற்றுப் பாருங்கள். மிக இருண்ட இடம் விளிம்பில் இல்லை. சற்று உள்ளே பிறை போல இருக்கிறது. விளிம்பில் மறுபடி லேசாகச் சிவப்பு ஏறியிருக்கும். தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அது. தாளை எடுத்துவிட்டுக் கறுப்புத் துணியை விரித்தால் அந்தச் சிவப்பு அணைந்துவிடும். இந்தப் பிறையைப் பிடித்துவிட்டால் உங்கள் வட்டம் உருண்டையாகிவிடும்.

இங்க்ஸ்கேப் 2003 முதல் இலவசமாகக் கிடைக்கும், படம் வரையும் மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதலில் ஆங்கில 'E' விசையை அழுத்தி, கன்ட்ரோலைப் பிடித்தபடி ஒரு வட்டம் வரையுங்கள். சிவப்பு நிறம் கொடுங்கள், வெளிக்கோட்டை நீக்கிவிடுங்கள்.

அடுத்து 'G' விசை: ஒரு நிறத்தை மெல்ல இன்னொரு நிறமாக மாற்றும் கிரேடியன்ட் கருவி வரும். மேல்பட்டையில் ரேடியலை, அதாவது ஒரு புள்ளியிலிருந்து சுற்றிலும் பரவும் வகையை, தேர்ந்தெடுங்கள். வட்டத்தின் நடுவிலிருந்து இழுக்கத்தான் கை போகும்; அப்படிச் செய்தால் சுற்றிலும் ஒரே மாதிரி வளையம்தான் கிடைக்கும். மையத்துக்கும் இடது மேல் விளிம்புக்கும் பாதி வழியில் மவுஸை வைத்து, அங்கிருந்து வலது கீழ் விளிம்பு வரை இழுத்து விடுங்கள். இனி இருட்டு வலது கீழ்ப்பக்கம் மட்டும் சேரும்.

கிரேடியன்டின் வெளி முனையில் நிறம் மறைந்து, பின்னால் உள்ள வெற்றுப் பக்கம் தெரிகிறதா? பயப்பட வேண்டாம். இங்க்ஸ்கேப் அந்த முனையின் ஆல்ஃபாவை, அதாவது நிறம் எவ்வளவு அடர்ந்து தெரியும் என்ற அளவை, பூஜ்யமாக வைத்துவிடும். முனையைச் சொடுக்கி, ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகத்தில் ஆல்ஃபாவை முழுதாக ஏற்றுங்கள்.

கிரேடியன்ட் கோட்டின் மேல் இரட்டைச் சொடுக்கு செய்தால் புதிய ஸ்டாப், அதாவது தனி நிறம் கொடுக்கக்கூடிய புள்ளி, விழும். இரண்டு போடுங்கள்: மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஒன்று, ஐந்தில் நான்கு பங்கு தூரத்தில் இன்னொன்று. சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் நான் வைக்கும் எண்கள்: தொடக்கத்தில் 255, 140, 110, அடுத்தது 225, 50, 30, மூன்றாவது 115, 15, 30, விளிம்பில் 175, 45, 30. மூன்றாவதுதான் அந்தப் பிறை. அதற்குக் கறுப்பைப் போடாதீர்கள், தக்காளி கரி பூசியது போலாகிவிடும். ஆழ்ந்த சிவப்பில் துளி நீலம் கலந்தால் நிழலுக்குள்ளும் நிறம் உயிரோடு இருக்கும்.

பளபளப்புக்கு இடது மேலே சின்ன வெள்ளை நீள்வட்டம், விளிம்பை மங்கலாக்கும் பிளர் கொஞ்சம், ஒபாசிட்டி (ஆல்ஃபா போலவே நிறத்தின் அடர்த்தி) 70 சதவீத அளவில். எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மேலிருந்து கொஞ்சம் அமுக்குங்கள். கிரேடியன்டும் கூடவே அமுங்கும், தக்காளி வடிவம் வந்துவிடும்.

தரை நிழலுக்கு இரண்டு நீள்வட்டங்கள் வேண்டும். ஒன்று அகலமாக, நன்றாக பிளர் செய்து, வலப்பக்கம் நீளட்டும். மற்றொன்று சின்னது, இன்னும் கறுப்பு, பிளர் மிகக் குறைவு. தக்காளி தாளைத் தொடும் இடத்தில் மட்டும். எண்ட் விசையால் இரண்டையும் அடியில் தள்ளுங்கள். சின்னதை ஒருமுறை அழித்துப் பாருங்கள், தக்காளி அந்தரத்தில் நிற்கும். கன்ட்ரோல் இசட் அடித்துத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

காம்பைப் பேனாக் கருவியால் வரைந்து, நேர்கோட்டில் நிறம் மாறும் லீனியர் கிரேடியன்ட் கொடுத்தால் போதும். வெளிர் பச்சை இடப்பக்கம் இருக்கட்டும், ஜன்னல் அந்தப் பக்கம்தானே.