புது பைக்கில் கிளட்ச் ஸ்லிப் ஆகிறதா? பிளேட் மாற்றும் முன் இதைப் பாருங்கள்

வண்டி வாங்கி இரண்டாயிரம், மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கும். மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. பட்டறையில் சொன்னால் உடனே வரும் பதில், "கிளட்ச் பிளேட் போச்சு, செட்டை மாத்திடலாம்." அவசரப்படாதீர்கள். 100 முதல் 160 சிசி வரையிலான வண்டிகளில், ஒழுங்காக ஓட்டினால் கிளட்ச் செட் பல பத்தாயிரம் கிலோமீட்டர் தாங்கும். இவ்வளவு சீக்கிரம் ஸ்லிப் ஆகிறதென்றால், பிளேட்டை முழுதாகப் பிடிக்க விடாமல் ஏதோ தடுக்கிறது. அது பெரும்பாலும் கேபிளாக இருக்கும், இல்லையென்றால் ஆயிலாக இருக்கும். இரண்டையும் என்ஜினைத் திறக்காமலே சரிசெய்யலாம்.

ஆனால் "அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்படியே ஓட்டக் கூடாது. ஸ்லிப் ஆகும் ஒவ்வொரு முறையும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகின்றன. கேபிளை லூஸ் செய்தாலே தீர்ந்திருக்கும் கோளாறு, சில நாள் ஓட்டத்தில் பிளேட்டையே எரித்துவிடும்.

முதலில் இது கிளட்ச் ஸ்லிப்தானா என்று உறுதி செய்யுங்கள். காலியான, சற்றே ஏற்றமான சாலையில், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகுங்கள். வண்டி திணறலாம், மெதுவாக வேகம் பிடிக்கலாம், அது இயல்பு. ஆர்.பி.எம். முள் சட்டென்று எகிறி, ஸ்பீடோமீட்டர் அசையாமல் நின்றால்தான் ஸ்லிப். மீட்டர் இல்லாத வண்டியில் காதே போதும். டாப் கியரில் என்ஜின்மேல் விழும் சுமை அதிகம், அதனால் ஸ்லிப் முதலில் அங்கேதான் தெரியும். முதல் கியரில் எல்லாம் சரியாக இருப்பதால் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடாதீர்கள். "டக் டக்" என்ற சத்தத்தோடு வண்டி உதறினால் செயினையும் ஸ்பிராக்கெட்டையும் பாருங்கள். மெயின் ஸ்டாண்டில் போட்டு முறுக்கிப் பார்ப்பதில் பயனில்லை. சக்கரத்தில் சுமையே இல்லாதபோது ஸ்லிப் தெரியாது.

இனி லீவர். என்ஜின் ஆறியிருக்கும்போது கிளட்ச் லீவரை ஒரு விரலால் மெதுவாக இழுங்கள். கேபிள் இறுகும்வரை லீவர் கொஞ்ச தூரம் சும்மா வர வேண்டும். அதுதான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான கம்யூட்டர் வண்டிகளில் லீவரின் நுனியில் அளந்தால் 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். சில கம்பெனிகள் லீவரின் அடியில், ஹோல்டருக்கும் லீவருக்கும் நடுவே உள்ள இடைவெளியாக 2–3 மி.மீ. என்று சொல்லும். உங்கள் மேனுவல் எந்த இடத்து அளவைச் சொல்கிறது என்று பார்த்து அளந்துகொள்ளுங்கள். பிளே சுத்தமாக இல்லையென்றால், நீங்கள் லீவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள். ஸ்ப்ரிங்குகளின் முழு அழுத்தம் பிளேட்டுக்குப் போகாது.

இந்த இடத்தில்தான் பலர் குழம்புகிறார்கள். கேபிள் நீண்டால் பிளே கூடும். பிளேட் தேய்ந்தால் பிளே குறையும், ஏனென்றால் பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்ளே தள்ளிப் போகிறது. புது வண்டியில் முதல் ஓட்டத்தில் பிளேட்டுகள் படிந்து உட்காரும்போதும் இப்படிப் பிளே குறையலாம். அந்த நேரத்தில் "கேபிள் நீண்டிருக்கும்" என்ற நினைப்பில் யாராவது இன்னும் கொஞ்சம் டைட் வைத்துவிட்டால் ஸ்லிப் நிச்சயம்.

அட்ஜஸ்ட் செய்யும் முறை இது. லீவர் பக்கம் ரப்பர் பூட்டைப் பின்னுக்குத் தள்ளி, லாக் ரிங்கை லூஸ் செய்து, அட்ஜஸ்டரை முழுதாக உள்ளே திருகுங்கள். பிறகு ஒன்று, இரண்டு சுற்று வெளியே விடுங்கள். பின்னால் சின்னச் சின்னத் திருத்தத்துக்கு இடம் வேண்டும். அடுத்து என்ஜின் பக்கம், கேபிள் முடியும் இடத்தில் இரண்டு நட்டுகள் இருக்கும், பொதுவாக 10 அல்லது 12 மி.மீ. ஸ்பேனர். ஒன்றைப் பிடித்துக்கொண்டு லாக் நட்டை லூஸ் செய்து, லீவரில் சரியான பிளே வரும்வரை திருகி, மறுபடி லாக் செய்யுங்கள். மிச்சத்தை மேலே உள்ள அட்ஜஸ்டரில் நேர்த்தி செய்யலாம். அட்ஜஸ்டரை வெளியே திருகினால் பிளே குறையும், உள்ளே திருகினால் கூடும்.

முடித்ததும் ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி இரண்டு பக்கமும் திருப்பி பிளே அப்படியே இருக்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் திருப்பும்போது மறைந்தால் கேபிள் போகும் வழி தவறு. டெலிவரியின்போது மாட்டிய லெக் கார்டு, மொபைல் ஹோல்டர், கூடுதல் லைட் வயர்கள் இவை கேபிளை நெருக்குகின்றனவா என்று கேபிளைத் தொட்டபடியே கீழ்வரை போய்ப் பாருங்கள். பிளே அதிகமாகிவிடவும் கூடாது. லீவரை முழுதாகப் பிடித்தும் கியரில் வண்டி முன்னே இழுத்தால், நியூட்ரல் விழ அடம் பிடித்தால், கொஞ்சம் குறையுங்கள்.

அட்ஜஸ்டர்களை எல்லாம் லூஸ் செய்த பிறகும் பிளே வரவில்லையா? கேபிளை என்ஜின் பக்கம் கழற்றிவிட்டு, கேபிள் இழுக்கும் அந்தச் சின்னக் கையை (ஆர்ம்) கையால் அசைத்துப் பாருங்கள். கொஞ்சம் சும்மா அசைந்து பிறகு இறுக வேண்டும். அப்படி அசைந்தால் கோளாறு கேபிளில்தான்: உள்ளே கம்பி பிரிந்திருக்கலாம், வேறு மாடல் கேபிள் மாட்டப்பட்டிருக்கலாம். கேபிள் இல்லாமலே ஆர்ம் இறுகி நின்றால் விஷயம் உள்ளே.

கேபிள் சரி, ஸ்லிப் மட்டும் போகவில்லை என்றால் ஆயில். நம் பைக்குகளில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. கார் ஆயிலில், முக்கியமாக 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ரகங்களில், உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருக்கும். அவை பிளேட்டின் மேல் படிந்து வழுக்கவைக்கும். ஆயில் டப்பாவின் பின்பக்கம் ஜேசோ (JASO, ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருக்க வேண்டும். எம்பி என்றிருந்தால் அது ஸ்கூட்டருக்கு உரியது, உராய்வு குறைவு. ஒரே கம்பெனியின் பைக் ஆயிலும் ஸ்கூட்டர் ஆயிலும் ஒரே 10டபிள்யூ-30 ஆக இருக்கலாம், டப்பாவும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கலாம். சர்வீஸ் முடித்து வந்த சில நாளில் ஸ்லிப் தொடங்கியிருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பில்லில் ஆயில் பெயர் இருக்கும், பாருங்கள். "மைலேஜ் கூடும், பிக்கப் கூடும்" என்று ஆயிலில் ஊற்றச் சொல்லி விற்கும் திரவங்களையும் பைக் என்ஜினில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

தவறான ஆயில் என்று தெரிந்தால், என்ஜின் சூடாக இருக்கும்போது முழுதாக வடித்து, மேனுவலில் சொன்ன கிரேடில், சொன்ன அளவு புது ஆயில் விடுங்கள். 100–125 சிசி வண்டிகளுக்கு இது பெரும்பாலும் ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும். டிரெய்ன் போல்ட் வாஷரைப் புதிதாகப் போடுங்கள். கொஞ்ச தூரம் மிதமாக ஓட்டிய பிறகும் லேசாக ஸ்லிப் இருந்தால், மறுபடி ஒருமுறை மாற்றுங்கள். பிளேட் ஊறிவைத்திருக்கும் பழைய ஆயில் ஒரே தடவையில் வெளியே வராது.

இரண்டும் தீர்க்கவில்லை என்றால்தான் திறக்க வேண்டும். வாரண்டி காலத்தில் நீங்களோ வெளிப் பட்டறையோ திறக்காதீர்கள். கிளட்ச் பிளேட் தேயும் பாகம் என்பதால் பொதுவாக வாரண்டிக்குள் வராது. ஆனாலும் ஜாப் கார்டில் கிலோமீட்டரையும், "டாப் கியரில் சூடானபின் ஸ்லிப்" என்பதையும் எழுதவைத்து, டெக்னீஷியனோடு ஓட்டிக் காட்டி, கழற்றிய பிளேட்டுகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஃபிரிக்‌ஷன் பிளேட் புதிதில் ஏறக்குறைய 3 மி.மீ. தடிமன், எந்த அளவுக்குக் கீழே மாற்ற வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். ஸ்டீல் பிளேட் நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்திருக்கிறது. கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். ஸ்ப்ரிங்குகளின் நீளம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று குட்டையாக இருந்தாலும் செட்டாக மாற்றுங்கள். புது பிளேட்டுகளைச் சில மணி நேரம் என்ஜின் ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்ட வேண்டும், காய்ந்த பிளேட் முதல் ஓட்டத்திலேயே கருகும். ஸ்ப்ரிங் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், கொஞ்சம் கொஞ்சமாக, மேனுவல் சொல்லும் டார்க்கில் (இறுக்கும் அளவில்) இறுக்க வேண்டும். பலம் கொடுத்துத் திருகினால் போல்ட் ஏறும் அலுமினியத் தூண் உடைந்துவிடும்.

ஓட்டும் பழக்கமும் புது பிளேட்டைத் தின்னும். லீவர்மேல் எப்போதும் இரண்டு விரலை வைத்துக்கொண்டே போவது, சிக்னல் மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பது, இரண்டாவது கியரில் கிளம்புவது, இந்த மூன்றும்தான் பெரிய சேதம் செய்பவை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பின்னால் ஆள் வைத்து ஏறும்போது, திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, கிளட்சை முழுதாக விட்டுத் திரும்புங்கள்.