மோட்டார் ஹோமா மாத்தின பழைய மினிபஸ் வாங்கப் போறீங்களா? மொதல்ல தரையப் பாருங்க

பழைய மினிபஸ்ல கட்டில், அடுப்பு, சிங்க், சோலார்னு எல்லாம் போட்டு மோட்டார் ஹோமா மாத்தி விக்கிறாங்கல்ல, அத செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாம்னு இருக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். போட்டோவப் பாத்தாலே மனசு சாஞ்சிடும், மர வேலை, மஞ்ச லைட்டு, ஜன்னல்ல திரை, அப்படியே ஏறிக் கெளம்பிடலாமான்னு தோணும். ஆனா இந்த வண்டிக்கு ரெண்டு ஜென்மங்க. மொத ஜென்மத்துல அது ஸ்கூலுக்கோ ஏர்போர்ட்டுக்கோ ஹோட்டலுக்கோ நாள் பூரா ஆள் ஏத்தி எறக்கிட்டு ஓடினது, அதுக்கப்புறம் தான் வீடு ஆச்சு. விக்கிறவர் வீட்டப் பத்தியே பேசுவாரு, நீங்க அந்தப் பழைய பஸ்ஸத் தேடணும்.

எங்க தேடுறதுன்னா, தரையில. மினிபஸ்ல இருந்த அத்தன சீட்டும் தரையத் தொளச்சு போல்ட் போட்டோ இல்ல ரெயில் மேலயோ நின்னது தான். சீட்டக் கழட்டினா அத்தன ஓட்டையும் அங்கயே இருக்கும். ஒழுங்கா வேல பாக்குறவங்க தகடு வச்சு வெல்டிங் பண்ணி, பெயிண்ட் அடிச்சு, அதுக்கப்புறம் தான் பிளைவுட் போடுவாங்க. அவசரக்காரங்க கொஞ்சம் சிலிக்கான் பசை தடவி மேல வினைல் ஷீட் ஒட்டிட்டுப் போயிடுவாங்க. மழையில ஓடும்போது டயர் அடிக்கிற தண்ணி கீழேருந்து அந்த ஓட்டை வழியா ஏறும், பிளைவுட் குடிச்சிக்கிட்டே இருக்கும், மேல வினைல் பளபளன்னு தான் இருக்கும்.

நான் ஒரு தடவ இப்படி ஒரு வண்டி பாக்கப் போனேன், உள்ள அவ்ளோ அழகு, கிட்டத்தட்ட அட்வான்ஸ் குடுக்குற நெலமைல இருந்தேன். சைடு கதவுகிட்ட ஷூவக் கழட்டிட்டு ஏறினப்ப கால் விரலுக்குக் கீழ தரை லேசா அமுங்கின மாதிரி இருந்துச்சு. ஓனர்கிட்ட கேட்டுட்டு வினைல் ஓரத்த ஒரு சாண் தூக்கிப் பாத்தேன், பிளைவுட் கருப்பா, நனஞ்ச பிஸ்கட் மாதிரி, நகத்தால கீறினா நாரா உரிஞ்சு வருது, அது நடுவுல ஒரு சீட் போல்ட் ஓட்டை, அதுல காஞ்சு சுருங்கிப் போன சிலிக்கான் பொட்டு. டார்ச் அடிச்சா ஓட்டை வழியா ரோடு தெரியுது. அவரு மறைக்கணும்னு எல்லாம் பண்ணலங்க, அவருக்கே அப்ப தான் தெரியும், மொகம் வாடிப்போச்சு பாவம். அதனால தான் சொல்றேன், வெறுங்காலோட உள்ள நடங்க, கதவுகிட்ட, சிங்க் முன்னாடி, டயர் மேடுகிட்ட நின்னு நல்லா அழுத்திப் பாருங்க.

அப்புறம் ஒரு அட்டையப் போட்டு கீழ படுத்துப் பாருங்க. சேஸிஸ், அதாவது வண்டியத் தாங்குற இரும்புச் சட்டம், ஏறுற படிக்கட்டுக் குழி, டயருக்கு மேல வளைஞ்சிருக்கிற வீல் ஆர்ச், கதவுக்குக் கீழ இருக்கிற ஓரம், இங்கெல்லாம் தான் துரு மொதல்ல புடிக்கும், படிக்கட்டுல ஈரக் காலோட எத்தன பேர் ஏறி எறங்கியிருப்பாங்க. புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா சந்தோஷப்படாதீங்க, ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், துரு தின்னது மொத்துன்னு கேக்கும். மேல பாடில சின்ன காந்தத்த ஓட்டிப் பாத்தா பட்டி அடிச்ச எடத்துல ஒட்டாது. மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் பாக்குறீங்கன்னா, 1995ல வந்து 2006 வரைக்கும் வந்த மொத தலைமுறை வண்டிக துருவுக்குப் பேர் போனது, அதுல இத ரெண்டு மடங்கு கவனமா பாக்கணும்.

பல பேர் மறக்குற இன்னொண்ணு, பின் சீட்டுக்காரங்களுக்குன்னு போட்ட ஹீட்டர். அதுக்கு எஞ்சின்ல இருந்து கூலன்ட், அதாவது எஞ்சின ஆறவைக்கிற தண்ணி, போற பைப் வண்டிக்கு அடியில பின்னாடி வரைக்கும் போகும், வண்டிய மாத்தும்போது ஹீட்டரக் கழட்டிட்டு பைப்ப அப்படியே அடச்சு விட்டிருப்பாங்க. அது துருப்புடிச்சு ஒழுகினா எஞ்சின் சூடேறி நடு ரோட்டுல நிப்பீங்க. அந்தப் பைப் எங்க போகுது, எங்க முடியுதுன்னு கையால தொட்டே பாத்துடுங்க.

எஞ்சின் விஷயத்துல கிலோமீட்டர மட்டும் நம்பாதீங்க, ஏன்னா ஆள் வர வரைக்கும் ஏசி போட்டு ஆஃப் பண்ணாம நின்ன நேரம் மீட்டர்ல ஏறாது ஆனா எஞ்சினுக்கு அது தேய்மானம் தான். நீங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம்னு சொல்லிடுங்க, போனதும் பானட்ல கை வச்சுப் பாருங்க, சூடா இருந்தா இன்னொரு நாள் வரேன்னு கெளம்புங்க. ஆறின எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது தான் உண்மை தெரியும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது, வெள்ளப் புகை கொஞ்ச நேரத்துல நிக்காம வந்துட்டே இருந்தா கூலன்ட் உள்ள போகுதோன்னு பாக்கணும். டைமிங் பெல்ட், அதாவது எஞ்சின் உள்பாகங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து ஓட வைக்கிற பெல்ட், மாத்தின பில் கேளுங்க, ஓடினாலும் ஓடாட்டாலும் அதுக்கு வருஷக் கணக்கு உண்டு. ஃபோர்டு ட்ரான்சிட்ல 2016ல வந்த 2.0 லிட்டர் எக்கோபுளூ எஞ்சின்னா பெல்ட் ஆயில்லயே நனஞ்சு ஓடுற டைப், தப்பான ஆயில் ஊத்தி ஓட்டியிருந்தா பெல்ட் உதிர்ந்து ஆயில் போற வழியவே அடச்சிடும், அதுல பில் இல்லன்னா நான் தொடமாட்டேன். டயர்ல ட்ரெட் நல்லா இருக்கேன்னு விட்டுடாதீங்க, சைடுல நாலு நம்பர் இருக்கும், 2319னு இருந்தா 2019ல 23வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், இந்த மாதிரி வண்டி மாசக் கணக்குல நிக்கிறதால டயர் தேயாமலே வெடிப்பு விட்டுடும்.

கூரைக்கு ஏணி கேளுங்க. சோலார் பேனலுக்கும் ஃபேனுக்கும் தொளச்ச ஒவ்வொரு ஓட்டையும் தண்ணிக்கு ஒரு வாசல். உள்ள அலமாரிக்குள்ள தலைய விட்டு மோந்து பாருங்க, பூஞ்ச வாட வந்தா எங்கயோ ஒழுகுது, ஊதுபத்தியோ ரூம் ஸ்ப்ரேயோ தூக்கலா அடிச்சா இன்னும் நல்லா மோந்து பாருங்க. மினிபஸ்ல சுத்தி ஜன்னல் அதிகம், ராத்திரி மூச்சுக்காத்து எல்லாம் அந்தக் கண்ணாடில தண்ணியா படிஞ்சு சுவத்துக்குள்ள எறங்கும், அதனால சூடும் குளிரும் தடுக்க உள்ள என்ன இன்சுலேஷன் வச்சிருக்காங்கன்னு கேளுங்க. செவுரு மூடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ இருக்கான்னு கண்டிப்பா கேளுங்க. ஆசையா செஞ்சவங்க நூறு போட்டோ வச்சிருப்பாங்க, காட்டிட்டே இருப்பாங்க.

எடை ஒரு பெரிய விஷயம், யாரும் பேசுறதில்ல. வண்டில ஒட்டியிருக்கிற தகட்டுல மொத்தம் எவ்ளோ எடை வரைக்கும் தாங்கும்னு இருக்கும், பல நாடுகள்ல சாதாரண கார் லைசென்ஸ்ல 3,500 கிலோ வரைக்கும் தான் ஓட்ட முடியும். 100 லிட்டர் தண்ணி 100 கிலோ, 100 ஆம்பியர் அவர் லெட் ஆசிட் பேட்டரி ஒண்ணு 25லேர்ந்து 30 கிலோ, பிளைவுட், கட்டில், ஃபிரிட்ஜ், சிலிண்டர், அதுக்கு மேல நீங்க, உங்க குடும்பம், துணிமணி. பிரேக் புடிக்கிறதும் டயர் தாங்குறதும் இந்தக் கணக்குல தான் இருக்கு. டெஸ்ட் டிரைவ் போற வழியிலேயே ஒரு எடை மேடைல ஏத்தி ஸ்லிப் வாங்கிடுங்க.

கரன்ட் வேலைய பாக்க எலக்ட்ரீஷியனா இருக்கத் தேவையில்ல. பேட்டரி பிளஸ்ல இருந்து கெளம்புற வயர்ல பக்கத்துலயே ஃபியூஸ் இருக்கணும், அது இல்லாம வயர் ஓடுதுன்னா ஷார்ட் ஆனா தீ தான். 12 வோல்ட்டுல 1,000 வாட் கெட்டில இன்வெர்ட்டர் வழியா போட்டா 90 ஆம்பியர் கிட்ட இழுக்கும், அதுக்கு சுண்டுவிரல் கனத்துல கேபிள் வேணும், டேப் சுத்தின ஜாயின்ட் எங்க பாத்தாலும் அத மொத்தமா மாத்துற செலவ வெலையில கழிச்சுப் பேசுங்க.

கேஸ்ல மட்டும் சமாதானமே கூடாது. எல்பிஜி காத்த விட கனம், கசிஞ்சா கீழ தான் தேங்கும், அதனால சிலிண்டர் வைக்கிற பெட்டிக்கு அடில வெளிய திறக்குற ஓட்டை இருக்கணும், குளிர் வருதுன்னு அத அடச்சிருப்பாங்க, பாருங்க. ட்யூப்ல போட்டிருக்கிற தேதியப் பாருங்க, ஜாயின்ட்டுல சோப்பு நுரை தடவுங்க, வாடையே இல்லாத விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வச்சிருக்கிற அலாரம் பட்டன அமுக்கி கத்துதான்னு பாருங்க. குழந்தைங்க தூங்கப் போற எடம் இது. அவங்க உக்காந்து வர்ற சீட்டும் பெல்ட்டும் சேஸிஸோட புடிச்சிருக்கா இல்ல வெறும் மரத்துல முடுக்கியிருக்கான்னு கீழேருந்து பாக்காம விடாதீங்க.

தண்ணி மோட்டார ஆன் பண்ணி, எல்லாக் குழாயையும் மூடிட்டு அஞ்சு நிமிஷம் பேசாம இருங்க. மோட்டார் தானா விட்டு விட்டு ஓடுச்சுன்னா எங்கயோ ஒழுகுது.

பேப்பர்ல வண்டி இன்னும் பஸ்ஸுன்னே இருக்கா இல்ல மோட்டார் ஹோம்னு மாத்திட்டாங்களா, சீட்டு எண்ணிக்கை ஒத்துப்போகுதா, சேஸிஸ் நம்பர் வண்டில இருக்கிறதும் பேப்பர்ல இருக்கிறதும் ஒண்ணா, கடன் பாக்கி இருக்கா, இதெல்லாம் பணம் குடுக்கறதுக்கு முன்னாடி. மாத்தலைன்னா விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரங்க கிளைம் மறுக்க வாய்ப்பு இருக்கு, மாத்துற அலைச்சலும் உங்க தலையில விழும்.

எல்லாம் புடிச்சிருந்தா கூட கட்டில்ல முழுசா படுத்து கால நீட்டிப் பாருங்க, நேரா நிக்க முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா ஒரு ராத்திரி வாடகை குடுத்தாவது தங்கிப் பாக்குறேன்னு கேளுங்க, அதுவும் மழை நாளா இருந்தா ரொம்ப நல்லது. வாங்கின கையோட ஆயில், கூலன்ட், எல்லா ஃபில்டர், கேஸ் ட்யூப் மாத்திடுங்க, பெல்ட்டுக்கு பில் இல்லன்னா அதையும் மாத்துங்க, மொத ட்ரிப் வீட்டுல இருந்து ஒரு மணி நேர தூரத்துக்குள்ள வச்சுக்கோங்க, திரும்பி வந்ததும் மறுபடி ஒரு தடவ கீழ படுத்து எதாவது சொட்டுதான்னு பாருங்க.